எல்லாம் பழைய இடத்தில்

— கை வைக்காதீங்க மாமா. புதுப் போன்ல இன்னும் முழுசா இறங்கல.

— நான் எங்கடா கை வச்சேன். சும்மா தடவிப் பாத்தேன்.

— தடவினா நகரும். பேக்கப்ல இருந்து வர்ற நேரத்துல ஒரு ஆப்பை இழுத்து விட்டீங்கன்னா அது வேற எடத்துல போய் உக்காந்துக்கும். அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க. பெஞ்சுல போய் உக்காந்து சாப்பிடுங்க.

— பசிக்கல. இன்னும் எவ்வளவு நேரம்?

— சைட் ஆபீஸ் வைஃபை நொண்டுது. மொத்த சைட்டும் சாப்பிட்டுக்கிட்டே படம் பாக்குதுல்ல.

— ரெண்டு மணிக்கு இரும்பு பீம் தூக்கணும் மாப்ளே. அதுக்குள்ள முடிச்சுடு.

— கிரேன் ஓட்டப் போறது நீங்களா, இந்தப் போனா?

— ஏணியில கால் வைக்கறதுக்கு முன்னாடி அந்த வருகை ஆப்பை அமுக்கணும்ல. அந்தப் புது இன்ஜினியர் நான் அமுக்குற வரைக்கும் என் கையவே பாத்துக்கிட்டு நிக்கறான். அமுக்காட்டி ஏற விடமாட்டான்.

— அமுக்குங்க. ஆப் எங்கயும் ஓடிப் போகாது.

— ஆப் இருந்தா போதுமா? இருந்த எடத்துல இருக்கணும். அவன் முன்னாடி நின்னு நான் துழாவிக்கிட்டு இருக்கணுமா?

— ஊர்ல எவனுக்கும் இல்லாத கவலை உங்களுக்கு. கான்டாக்ட் வருமா, போட்டோ வருமான்னு கேப்பாங்க. நீங்க அடுக்கு கலையாம வருமான்னு கேக்கறீங்க.

— வருமா வராதா?

— வரும் மாமா. அதே கம்பெனி போன்தான வாங்கியிருக்கோம். வேற கம்பெனின்னா எல்லாத்தையும் சாக்குல இருந்து கொட்டின மாதிரி கொட்டியிருக்கும். அந்தக் கடைக்காரன் பேக்கப்பே போடாம புதுசா ஆரம்பிச்சுக் குடுத்துட்டான். நான் மறுபடி மொத்தமா அழிச்சுட்டு...

— அழிச்சுட்டியா?

— கடைக்காரன் போட்டத அழிச்சேன். உங்களோடது பத்திரமா இருக்கு. எதுக்கு இப்படி பதறுறீங்க?

— பதறல. சொல்லு, கீழ் வரிசையில இடது ஓரம் என்ன இருக்கு?

— போன்.

— அதுக்கு மேல?

— சாம்பல் கலர்ல இருக்கு. இன்னும் வரல... வந்துடுச்சு. வருகை.

— அதுக்கு மேல டார்ச். அதுக்கு மேல காத்து.

— ஆமா, காத்து. இதை எதுக்கு போன்ல வச்சிருக்கீங்க? கேபின்லயே காத்து வேகம் காட்டுற மீட்டர் இருக்கே.

— இது வாயால சொல்லும்.

— சொல்லுமா?

— அமுக்கினா ஒரு பொம்பள கொரல்ல எத்தனைன்னு சொல்லும். மேல தனியா உக்காந்திருக்கவனுக்கு பேச்சுத் துணை வேணாமா.

— அக்காகிட்ட சொல்லட்டுமா?

— அவளுக்குத் தெரியும். நீ வேலையப் பாரு.

— எழுத்தை ஏன் மாமா இப்படி யானை சைஸ்ல வச்சிருக்கீங்க? ஒரு பக்கத்துல நாலு வரிதான் நிக்குது.

— அது உங்க அக்கா பண்ணது. எனக்கு மாத்தத் தெரியல.

— நான் மாத்தித் தரேன்.

— வேணாம். விட்டுடு. எதையும் மாத்தாத.

— ம்... இருங்க, ரேடியோ. சொல்லுங்க சார். ஆமா சார், சங்கிலி போட்டாச்சு, கொக்கி செக் பண்ணியாச்சு. ஆபரேட்டரா? என் பக்கத்துலதான் இருக்காரு. வந்துட்டே இருக்கோம் சார்.

— என்னவாம்?

— லாரி சீக்கிரம் போகணுமாம். இப்பவே ஆரம்பிக்கலாமான்னு கேக்கறாரு.

— முடிஞ்சுதா?

— ஒரு நிமிஷம்... ம், முடிஞ்சுது. எல்லாம் வந்துடுச்சு. இந்தாங்க, ஒருதரம் நல்லாப் பாத்துக்குங்க.

— குடு. ம்... ம்... சரியா இருக்கு. எல்லாம் அதது எடத்துல இருக்கு. மாப்ளேன்னா நீதான்டா மாப்ளே.

— நல்லாப் பாத்தீங்களா?

— பாத்தேன்டா. கெளம்பு.

— வருகையை இங்கயே ஒருதரம் அமுக்கிப் பாருங்க. தகராறு பண்ணா இன்ஜினியர் முன்னாடி அசிங்கமாயிடும்.

— அதுவும் சரிதான்... என்னடா இது, டார்ச் எரியுது.

— ஆமா.

— தப்பா வந்திருக்கு. நீ பேக்கப்பைக் கெடுத்துட்ட.

— பேக்கப் சரியாத்தான் வந்துச்சு. அந்த ரெண்டை மட்டும் நான் இடம் மாத்தி வச்சேன்.

— எந்த ரெண்டை?

— வருகையையும் டார்ச்சையும். டார்ச்சுன்னு யானை சைஸ்ல எழுதியிருக்கு மாமா. மூக்குக்கு நேரா வச்சுப் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்க.

— வேணும்னே பண்ணியா?

— ஆமா.

— உன் அக்கா புருஷன்டா நான். எனக்கே பரீட்சை வைக்கறியா?

— கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா? சொல்லுங்க. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.

— உன் மூஞ்சியைப் பாத்தா மூஞ்சி இல்லடா. காது ரெண்டும் தெரியுது. நடுவுல புகை மாதிரி இருக்கு.

— டாக்டர்கிட்ட போனீங்களா?

— போனேன். கண்ணு நரம்பு காஞ்சுட்டு வருது, திரும்பாதுன்னாரு. வண்டி ஓட்டுறீங்களான்னு கேட்டாரு. வண்டி ஓட்டலைன்னேன். அதுல பொய் இல்லையே.

— அக்காவுக்கு?

— தெரியும். உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். சொன்னா நீ என்னை ஏற விடமாட்டே.

— விடமாட்டேன்தான்.

— கீழ எறங்கினா நான் யாருடா? சொல்லு. மீசை மொளைக்கறப்ப ஏறினவன். மண்ணு சுமக்கவா? தூக்கறது இரும்பா செங்கல்லான்னு கம்பி இழுக்கற இழுப்புலயே சொல்லிடுவேன். லிவரைத் தொட்டாப் போதும், கை தானாப் போகும்.

— போன்லயும் கை தானாத்தான் போச்சு.

— அது போன். கிரேன்ல நீ ரேடியோல சொல்றே. இடது, நிறுத்து, இறக்கு. நான் செய்யறேன். இதுல என் கண்ணுக்கு என்ன வேலை இருக்கு? வெளியில சரியா வெளிச்சம் அடிச்சா ஓரத்துல உன் ஹெல்மெட்கூட தெரியுது.

— ரேடியோ நின்னு போனா?

— என்னிக்கு நின்னிருக்கு?

— இன்னிக்கு நிக்கலாம்.

— சாபம் விடுறியா? கெளம்புற நேரத்துல. இங்க பாரு மாப்ளே, ரெண்டையும் பழைய எடத்துல வச்சுக் குடு. இன்ஜினியர் காத்துக்கிட்டு இருக்கான். இன்னிக்கு ஒரு நாள். நாளைக்கு நானே போய் முடியலைன்னு சொல்லிடறேன்.

— போன வாரமும் நாளைக்குன்னு உங்களுக்கு நீங்களே சொல்லியிருப்பீங்க.

— நீ என்ன, இன்னிக்குத்தான் கண்டுபிடிச்ச மாதிரி பேசறே.

— இன்னிக்கு இல்ல.

— பின்ன எப்போ?

— மழை நின்ன பிறகு அந்த ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஏத்தினோமே. நான் கையைத் தலைக்கு மேல தூக்கி நிறுத்துன்னு காட்டினேன். நீங்க நிறுத்தல. ரேடியோல கத்தினப்புறம்தான் நின்னுச்சு. அப்பவே.

— அப்ப இருந்து தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்தியா?

— ஆமா.

— அப்ப இருந்து எத்தனை தூக்கு தூக்கியிருப்பேன். கண்ணாடி, கம்பிக்கட்டு, தண்ணித் தொட்டி. கீழ ஒருத்தனுக்காவது ஒரு கீறல் விழுந்துச்சா? நீயே சொல்லு. அது போதாதா உனக்கு?

— எப்படி விழும் மாமா... கொக்கி எறங்கறப்பெல்லாம் கீழ நான் ஒருத்தன்தான நின்னேன். மத்தவங்களை ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்கு சொல்லி அந்தப் பக்கம் அனுப்பிட்டேன். இன்னிக்குப் பீமைப் புடிச்சு போல்ட் மாட்ட ஆறு பேர் அடியில நிக்கணும். அவங்களை என்ன சொல்லி அனுப்புறதுன்னு எனக்குத் தெரியல.