நான்கு மில்லிமீட்டர் இடப்புறம்: ஓய்வு பெறும் வண்ணப் பிரிவுத் தோழர் ஸோர்கா ஹபுஷ் அவர்களுக்கு வாசித்தளித்த மடல்

ஸாக்ரெப், 1984 ஜூன் 15, வெள்ளிக்கிழமை

வரம்புக்குள் அடங்கிக் கிடந்த வண்ணத்தை வாசல் தாண்டி உலாவ விட்ட வித்தகரே! தூரிகைக்குத் துணையே! துல்லியத்தின் தோழியே! கண்ணுக்குக் கண்ணாகக் கார்ட்டூன் படங்களைக் காத்து, அந்தக் கண்ணைக் காட்டியே எங்கள் அனைவரையும் ஏமாற்றிய ஏந்தலே! இருபத்தொன்பது ஆண்டுகள் எங்களோடு ஒரே கூரையின் கீழ் நிறம் குழைத்த பெருமைக்குரிய தோழர் ஸோர்கா ஹபுஷ் அவர்களே, வணக்கம்!

இந்த மடலை எழுதும் பொறுப்பு, தொழிலாளர் மன்றத்தில் பதினொன்றுக்கு ஒன்பது என்ற வாக்கில், பின்னணி ஓவியம் வரையும் எங்கள் பிரிவின் தலையில் வந்து விழுந்தது. முக்கால் தாளை வெறுமையாக விட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போகிறவர்கள் நாங்கள். எங்களிடம் போய் அலங்கார மடல் எழுதச் சொன்னால், ஆட்டுக்குட்டியைக் காவலுக்கு வைத்த கதைதான். ஆயினும் சுருக்கமாக எழுதினால் தாங்கள் மகிழ்வீர்கள், விரிவாக எழுதினால் தங்கள் அக்காள் மகிழ்வார் என்று கேள்விப்பட்டோம். சட்டம் போட்ட மடல் தொங்கப் போவது அக்காள் வீட்டு வரவேற்பறையில் என்பதால் விரிவாகவே எழுதுகிறோம்.

எளிமையின் எழிலே! தாங்கள் இங்கு வந்த 1955ஆம் ஆண்டில் நம் படக்கூடத்தை ஊரில் ஒருவரும் மதிக்கவில்லை. சுவரே இல்லாமல் ஒரு கதவு; மூன்றே கால்களில் ஒரு மேசை; பக்கவாட்டில் திரும்பிய முகத்தில் இரண்டு கண்கள்; ஈரப் பஞ்சால் ஒற்றியெடுத்த ஒரு வானம். உலகத்தையே நான்கு கோட்டில் சொல்லிவிடலாம் என்று நாம் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது, தங்கள் குடியிருப்பின் காவல்காரர் நம் விளம்பரத் தாளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஆரம்பிச்சிருக்கீங்கம்மா, மீதிய எப்ப வரைவீங்க?" என்று கேட்டாராம். அன்று மாலையே அதை எங்களிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தீர்கள். மறுநாள் முதல் எங்கள் பிரிவுக்கு 'மீதி' என்றே பெயர் வைத்தீர்கள். இன்றுவரை அந்தப் பெயர் எங்களை விட்டுப் போகவில்லை.

நிறத்தின் நெஞ்சறிந்தவரே! 1957இல் வந்தது தீயணைப்பு வீரன் படம். தீப் பிடித்தது என்று யாராவது சொல்லி வாய் மூடுவதற்குள் ஓடிவிடும் ஆள் அவன். செஞ்சட்டைக்காரன். தோழர் போஜிதார் லுகெட்டிச் இயக்கினார், கோடும் அவருடையதே. மை தீட்டிய ஆயிரத்து நூறு செல்லுலாய்டு தாள்களின் பின்புறத்தில் அந்தச் சிவப்பைப் பூசும் வேலை தங்களுடையது. பூசியதைக் கோட்டோடு ஒட்டிவைத்துப் பார்த்து முத்திரையிடும் வேலை, அளவுகோலே ஆளானவர் போன்ற தோழர் யுராய் பென்செக்குடையது. அந்த மாதம் பார்த்து அவருக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. கன்னம் இரண்டும் வீங்கி மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். வீக்கம் வடிந்து வந்து பார்த்தால், வீரன் கோட்டுக்குள் இருக்கிறான், சட்டை கோட்டைத் தாண்டி, அவன் ஓடும் திசையான இடப்புறம் போயிருக்கிறது. ஒரு தாளில் அல்ல, கட்டுக் கட்டாக.

தயாரிப்பு அலுவலர் தங்களை நிற்கவைத்து நடத்திய விசாரணை அந்நாளைய குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது.

"என்ன தோழர் இது? சட்டை ஒரு பக்கம் போகுது, ஆள் ஒரு பக்கம் போறான்!"

"தெரியல தோழர்."

"தெரியலையா? ஆயிரம் தாளு! செல்லுலாய்டு என்ன மரத்துலயா காய்க்குது? வேணும்னு செஞ்சிருந்தா இது பொதுச்சொத்த நாசம் பண்றது. நாளைக்கே சமையலறைக்கு மாத்திடுவேன்."

"வேணும்னு செய்யல தோழர். கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு."

சினம் அந்த நொடியில் செத்தது. சொந்த யோசனை நம் நாட்டில் விசாரணைக்குரியது, நோயோ தொழிலாளியின் உரிமை! அலுவலர் தாமே எழுந்து தங்களுக்கு நாற்காலி போட்டார். திரும்பப் பூச நேரமில்லை. பன்னிரண்டு நாளில் திரைப்பட விழா. படம் அப்படியே ரயிலேறியது.

அதன்பின் நடந்ததை ஊரறியும். படம் பரிசோடு திரும்பியது. அவசரத்தில் ஓடும் மனிதனுக்கு முன்னால் அவனுடைய சட்டை போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று அரங்கே கைதட்டியதாம். நிறத்துக்குக் கடவுச்சீட்டுக் கிடைத்துவிட்டது என்று ஒரு பிரெஞ்சு விமர்சகர் முழுப் பக்கம் எழுதினார். நிருபர்கள் தோழர் போஜிதாரைச் சூழ்ந்துகொண்டு, இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார்கள். நீண்ட நாள் சிந்தனை என்றார் அவர். வெண்கலப் பரிசு அவர் வீட்டு அலமாரிக்குப் போயிற்று.

தங்களுக்குக் கிடைத்தது எங்கள் இரக்கம். தோழர் ஸோர்காவுக்கு உடனே கண்ணாடி வேண்டும் என்று மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. தாங்களும் மருத்துவமனை வரிசையில் ஒருநாள் முழுக்க நின்றதாகச் சொல்லி, தடித்த சட்டம் போட்ட கண்ணாடியோடு வந்தீர்கள். வந்தது வினை! பார்வை திரும்பிய பிறகு நிறம் எப்படிப் பிசகும்? அடுத்த படத்தில் ஒவ்வொரு நிறமும் பள்ளிப் பிள்ளையைப் போல் கோட்டுக்குள் கைகட்டி நின்றது. பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். உலகமே நம் பாணியைப் பின்பற்றத் தொடங்கியிருந்த நேரத்தில் நம்மிடமே அது இல்லை.

1958 மார்ச்சில் கூடிய மன்றத்தின் தீர்மானத்தை இங்கே அப்படியே தருகிறோம்: "தோழர் ஸோர்கா ஹபுஷ் பணி நேரத்தில் கண்ணாடியைக் கழற்றி வைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார். இதனால் கண்ணுக்கு நேரும் சிரமத்தை ஈடுசெய்ய நாள்தோறும் அரை லிட்டர் பால் கூடுதலாக வழங்கப்படும்." ஆதரவு பதினேழு, எதிர்ப்பு மூன்று, நடுநிலை ஒன்று. இருபத்தாறு ஆண்டுகள் காலை ஏழு மணிக்குக் கண்ணாடியைக் கழற்றி, மூன்று மணிக்கு மாட்டிக்கொண்டு டிராம் ஏறினீர்கள். பாலில் பாதியைத் தயிராக்கி எங்களுக்கே கொடுத்தீர்கள். நாங்களும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சொல்லிக் குடித்தோம்.

இப்போது எங்களுக்கு வெட்கமான இடத்துக்கு வருகிறோம். நாளை நகரக் கலைக்கூடத்தில் நம் முப்பதாண்டுப் படங்களின் கண்காட்சி திறக்கிறார்கள். தீயணைப்பு வீரனுக்குக் கீழே மாட்டும் பலகையின் வாசகம் சென்ற மாதம் ஒப்புதலுக்கு வந்தது. 'வடிவமும் நிறமும்: போஜிதார் லுகெட்டிச்' என்று பெரிய எழுத்தில். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'வண்ணப் பிரிவு ஊழியர் ஒருவரின் பார்வைக் குறையால் நேர்ந்த பிழையைக் கலைஞர் கலையாக்கினார்.' தங்கள் பெயர் அதில் இல்லை. ஓய்வுக்குப் பின் தங்கள் பெயர் சொல்ல வேறு இடமும் இல்லை. நாங்கள் அதைப் படித்து, எழுத்துப் பிழை இல்லை என்று குறித்து, முத்திரைக்காக எடுத்து வைத்தோம். எங்களை என்ன சொல்வது!

காத்தது தோழர் பென்செக்கின் மறதி. மே மாதம் ஒரு புதன்கிழமை, உணவகத்துக்கு அவர் தம் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார்.

"ஸோர்கா, உன் கண்ணாடியக் கொஞ்சம் குடு. இன்னைக்குப் பீன்ஸா முட்டைக்கோஸான்னு பாக்கணும்."

தாங்கள் வேண்டாம் என்பதற்குள் எடுத்து மாட்டிக்கொண்டார். கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"என்னது இது! போட்டாலும் ஒண்ணுதான், கழட்டினாலும் ஒண்ணுதான்!"

"பழசுங்க, பவர் கொறஞ்சிருக்கும்."

"கொறையறதுக்கு மொதல்ல இருக்கணும்ல? இது ஜன்னல் கண்ணாடிடீ!"

ஆம், சீலரே! மருத்துவமனை வரிசையும் பொய், மங்கல் பார்வையும் பொய். தங்கள் தெருமுனையில் ஜன்னலுக்குக் கண்ணாடி போடுபவர் அறுத்துக் கொடுத்த சில்லு அது. தோழர் பென்செக் அன்று சாப்பிடவில்லை. நேரே கிடங்குக்குப் போய்ப் பழைய தாள்களை இறக்கினார். மூன்று வாரம், வேலை முடிந்த பிறகு, ஆயிரத்து நூறையும் அளந்தார். நடந்தால் நான்கு மில்லிமீட்டர். ஓடினால் ஆறு. பின்புறம் பூசுவதால் ஒவ்வொன்றையும் வலப்புறம் தள்ளிப் பூசினால்தான் முன்னே இடப்புறமாகத் தெரியும்; அந்தக் கணக்கு ஒரு தாளில்கூடத் தப்பவில்லை. கடைசிக் காட்சியில், தீ என்று ஓடி வந்தது வெறும் காப்பிப் பாத்திரப் புகை என்று தெரிந்து, வீரன் வாடிப்போய்ப் படியில் உட்காருகிறான். அந்த நாற்பது தாளில் மட்டும் சிவப்பு மெல்ல மெல்ல நகர்ந்து வந்து கோட்டுக்குள் பொருந்தி அமர்கிறது. அதைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார் தோழர் பென்செக். "கண்ணு தெரியாதவ பண்ற வேலையாடா இது? நமக்குத்தான்டா தெரியல" என்றார். எங்களில் சிலர் அழுதோம் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம்.

சென்ற வாரம் வியாழனன்று மன்றம் கூடியது. தாங்களும் வந்திருந்தீர்கள், தோழர் போஜிதாரும் வந்திருந்தார். தாள்கள் மேசையில் கிடந்தன.

"ஏன் ஸோர்கா, அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்று அவர் கேட்டார்.

"என்னன்னு சொல்றது? என்னடி நெனச்சு இப்படிப் பண்ணினேன்னு ஒருத்தர் கேக்கல. கண்ணுக்கு என்ன ஆச்சுன்னுதான் எல்லாரும் கேட்டீங்க. எனக்கு யோசனை இருக்கும்கிற சந்தேகமே உங்க யாருக்கும் வரல."

"பரிசு வந்ததுக்கு அப்புறமாவது..."

"அப்புறம் சொன்னா, பொய் சொல்லிப் பால் குடிச்சவன்னு ஆயிருக்கும்."

தோழர் போஜிதார், "நம்ம கூடத்துல எல்லாமே கூட்டு உழைப்புதானே? பலகையில வண்ணப் பிரிவுன்னு பொதுவாப் போட்டுடலாம்" என்றார்.

"பரிசு வாங்குறப்ப அந்தக் கூட்டு எங்கய்யா போச்சு?" என்று தோழர் பென்செக் கேட்டார்.

பலகையைத் திருத்த இருபது கைகள் உயர்ந்தன. ஆனால் இயக்குநரின் கையெழுத்து இல்லாமல் வாசகத்தை மாற்றுவதில்லை என்பது கலைக்கூடத்தின் விதி. தோழர் போஜிதார் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். எட்டு நாளாக அவர் வேலைக்கு வரவில்லை. வீட்டுத் தொலைபேசியையும் எடுக்கவில்லை. இம்மடலை எழுதி முடிக்கும் இந்தக் காலை வரை அந்தப் பலகை பழைய வாசகத்தோடுதான் இருக்கிறது. இதைச் சொல்லாமல் தங்களுக்கு வெறும் புகழ்மாலை சூட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

பெருமாட்டியே! எங்கள் மன்றத்தால் இயன்றது ஒன்றே. 1958 மார்ச் தீர்மானத்தை முழுவதுமாக ரத்து செய்கிறோம். தங்கள் பார்வை என்றும் குறையற்றது என்று குறிப்பேட்டில் எழுதி, தாங்கள் குடித்த பால் தங்கள் அறிவுக்குரிய மரியாதையே என்றும் எழுதியிருக்கிறோம். எதிர்ப்பு எவருமில்லை.

இனித் தங்கள் காலைப்பொழுதுகள் தங்களுடையவை. சந்தைப் பாலாடையும் தோட்டத்துத் தக்காளியும் தங்கள் மேசையை விட்டு அகலாதிருக்க! முழங்கால் வலியின்றி மூன்றாம் மாடி ஏறி இறங்குக! அக்காளோடு சண்டையிட்டு, அன்றைக்கே சமாதானமாகி, நூறு கோடையும் காண்க! சிவப்பு எங்கே இருக்க வேண்டும் என்று ஒருவரிடமும் அனுமதி கேளாமல், தங்களுக்கென்று ஒரு படமாவது வரைக என நெஞ்சார வாழ்த்துகிறோம்.

இங்ஙனம்,
தங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலே தங்கள் தயிரைக் குடித்த,
வண்ணப் பிரிவு, மை தீட்டும் பிரிவு, மற்றும் 'மீதி'.

யுராய் பென்செக், சரிபார்ப்பு. (ஆயிரத்து நூறும் அளந்தேன். பிழை இல்லை.)

மடல் சட்டத்துக்குள் போகுமுன், இன்று பகல் பதினொரு மணிக்கு, அடியில் மிஞ்சிய இடத்தில் வேறொரு கையெழுத்தில் எழுதப்பட்டது:

கலைக்கூடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். பலகையில் இப்போது 'வடிவம்: லுகெட்டிச், நிறம்: ஸோர்கா ஹபுஷ்' என்று இருக்கிறது; பொடி எழுத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். மன்றத்தில் நான் சொல்லாத ஒன்று உண்டு. படத்தை முதன்முதலில் திரையில் ஓட்டிப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். கண் கோளாறு என்பதை நான் ஒருநாளும் நம்பவில்லை, ஸோர்கா.

போஜிதார் லுகெட்டிச்