பதினான்காவது டயல்

போர் விமானத்தின் உட்பக்கத்துக்குச் சுத்தக் கறுப்பு அடிக்கக் கூடாது. மாடல் கட்டத் தொடங்கும் எல்லோரும் செய்கிற தவறு அது. அத்தனை சின்ன இடத்தில் கறுப்பு அடித்தால் எல்லாம் ஒரே குழியாகத் தெரியும். கொஞ்சம் சாம்பல் கலந்து அடித்து, காய்ந்ததும், தூரிகையில் உள்ள பெயின்டை முக்கால்வாசி துணியில் துடைத்துவிட்டு, மிச்சத்தை விளிம்புகளில் மட்டும் லேசாகத் தடவ வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு பொத்தானும் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். அது என் பெயின்ட் மேஜையில்தான் நடந்தது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் ஈஸ்வரமூர்த்தி. வயது அறுபத்திரண்டு. சிங்காநல்லூரில் சொந்த வீடு. ஒரு பம்ப் கம்பெனியில் முப்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்தேன். மயிரிழை கனம் கூடினாலும் பீஸைத் திருப்பி அனுப்புவேன். அதற்காகக் கம்பெனிப் பையன்கள் வைத்த பட்டப்பெயர் ஒன்று உண்டு, அது இந்தக் காகிதத்துக்கு ஆகாது. சூலூரில் கிளம்பும் விமானங்கள் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. நீங்கள் எடுத்து வைத்திருப்பது நான் கட்டிய பதினோராவது விமானம். நாட் என்று பெயர். நிஜ விமானத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. விமானியின் முன்னால் உள்ள பலகை என் கட்டைவிரல் நகம் அளவுதான். அதற்குள் பதினான்கு டயல்கள்.

"மேல மூடிய ஒட்டினதுக்கப்புறம் இதையெல்லாம் யாருங்க பாப்பாங்க?" என்று என் மனைவி புவனா ஒருமுறை கேட்டாள்.

"நாந்தான் பாக்கறனே அம்மணி" என்றேன். சிரித்துக்கொண்டே காபியை வைத்துவிட்டுப் போனாள். கேலி செய்வாளே ஒழிய, கையில் தூரிகை இருக்கும்போது என்னைக் கூப்பிட மாட்டாள். அப்போதெல்லாம்.

இரண்டு வருடம் முன்பு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சும் போனது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. ஏனுங்க. முப்பத்தோரு வருடமாக என்னைக் கூப்பிட்ட வார்த்தை. தாகத்துக்கும் ஏனுங்க, வலிக்கும் ஏனுங்க, கொசுவுக்கும் ஏனுங்க, ஒன்றுமே இல்லாததற்கும் ஏனுங்க. நான் ஒவ்வொரு தடவையும் "வாரேன் அம்மணி" என்பேன். எங்கள் வீட்டில் மிஞ்சிய பேச்சு இந்த இரண்டும்தான்.

பார்த்துக்கொள்ள ராசம்மாள் காலை எட்டு மணிக்கு வந்து பன்னிரண்டரைக்குப் போவாள். மதியக் கஞ்சியை மூக்குக் குழாயில் நான் விடுவேன். விட்டபின் நாற்பது நிமிடம் கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும், இறக்கினால் கஞ்சி மேலேறி மூச்சுக்குழாயில் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலுக்கு மேலே சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தீர்கள். எழுதி ஒட்டியவன் நான்தான்.

ராசம்மாள் இருக்கும் நேரம் சமையலுக்கும் கடைக்குமே போய்விடும். அந்த நாற்பது நிமிடம்தான் ஒரு நாளில் எனக்கென்று இருந்தது. அதிலும் பலகை மூன்று முறை பாழானது, மூன்று தடவையும் ஒரு ஏனுங்கவில் கை உதறி. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. போன திங்கட்கிழமை ராசம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "வார வியாழக்கிழமை வால்பாறைக்குப் போறனுங்க. புள்ளைக்குப் பேறுகாலம். எப்பத் திரும்புவேன்னு சொல்ல முடியாதுங்க." வெளிநாட்டில் இருக்கும் மகன் சுரேந்தருக்குப் போன் செய்தேன். "கொஞ்ச நாளைக்கு சமாளிச்சுக்குங்கப்பா" என்றான். எத்தனை நாள் என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றான்.

அன்று மாலை காலிங்பெல் வயரை அறுத்தேன். அவளுடைய இடது கைக்குக் கீழே பட்டன் இருக்கும், என் மேஜைக்கு மேலே மணி இருக்கும். விமானி சீட்டுக்குப் பின்னால் நான்கு வயர்கள் ஓட வேண்டும், அதற்கு மெல்லிய செம்புக் கம்பி தேவைப்பட்டது. தெருவுக்கு இரண்டு மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிற ஊரில், கேட்டால் ஒரு முழம் கம்பி சும்மாவே தருவார்களே, பெல் வயர்தான் கிடைத்ததா என்று கேட்டீர்கள். கனம் சரியாக இருந்தது என்றேன். அது பொய்யில்லை. அடுத்த நாளும் அவள் விரல் பட்டனை அமுக்கிக்கொண்டுதான் இருந்தது.

புதன்கிழமை. டயல்களுக்குக் கண்ணாடி வைக்கும் வேலை மட்டும் பாக்கி. ஒவ்வொரு டயலிலும் ஒரு சொட்டு வார்னிஷை ஊசி முனையால் விட வேண்டும். கை நடுங்கினால் பக்கத்து டயலில் வழிந்து முழுப் பலகையும் கெட்டுவிடும்.

கஞ்சி விட்டேன். வாயைத் துடைத்தேன். அவள் என்னையே பார்த்தாள். சாய்ந்து உட்கார்ந்திருந்தால் கதவு வழியாக என் மேஜை அவளுக்குத் தெரியும், அந்தப் பார்வை என் பிடரியிலேயே இருக்கும். படுத்தால் மின்விசிறி மட்டும் தெரியும். என்னைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கட்டிலை இறக்கினேன்.

மறதியில் இறக்கிவிட்டேன் என்று முதல் நாள் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். கால்மாட்டில் குனிந்து அந்தக் கைப்பிடியை இருபத்திரண்டு சுற்று சுற்ற வேண்டும். எதையும் எண்ணுவது என் தொழில் பழக்கம், எண்ணிக்கொண்டேதான் சுற்றினேன். பதினைந்தாவது சுற்றில் ஏனுங்க என்றாள். மிச்சம் ஏழையும் சுற்றினேன். மறதியில் யாரும் இருபத்திரண்டு சுற்று சுற்ற மாட்டார்கள் என்று ராசம்மாள் உங்களிடம் சொன்னது சரிதான். அவளும் தினமும் சுற்றியவள்தானே.

கதவைச் சாத்திவிட்டு மேஜையில் உட்கார்ந்தேன். முதல் டயலில் சொட்டு அழகாக நின்றது. மூன்றாவதில் இருமல் கேட்டது. அப்புறம் ஏனுங்க, ஏனுங்க. வாரேன் அம்மணி என்றேன். ஆறாவது டயல், எட்டாவது டயல், ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். பதினொன்றில் வந்தது வார்த்தையாக இல்லை, தண்ணீர் இறங்காத சிங்க் போல ஒரு சத்தம். அதற்கும் வாரேன் என்றேன். கை நடுங்கவில்லை, மேடம். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நடுங்கவில்லை. பதினான்காவது டயல் காயும்வரை உட்கார்ந்திருந்து, ஊசியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

நீங்கள் "வாரேன் வாரேன்னு சொல்லிட்டு ஏன் போகல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நம் ஊர்களில் ஒருவர் கூப்பிட்டு எழுந்து போகும்போதும் வாரேன்தான், விடைபெற்று வாசலைத் தாண்டும்போதும் வாரேன்தான். எந்த வாரேன் என்று நானும் மூன்று நாளாக லாக்கப்பில் யோசித்தேன். பத்தாவது டயல் வரை சொன்னது முதல் வகை. பதினொன்றில் சொன்னது இரண்டாவது வகை.

முப்பத்தோரு வருடத்தில் புவனாவிடம் சொல்லிக்கொள்ளாமல் நான் எங்கேயும் போனதில்லை. அன்றைக்கும் சொன்னேன். அதை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.