ஜன்னல் வழியா போன ஷூ

அய்யோ அக்கா, அடிக்காதீங்க! உங்க புள்ள ஷூவத்தான தூக்கி வெளிய போட்டா, உங்களையா போட்டா? ஏ ஹென்னி, வேன ஓரங்கட்டுப்பா! அந்தப் பெரியவர் எறங்கி ஓடுறார் பாருங்க... எடுத்துட்டார்! எல்லாரும் கை தட்டுங்கப்பா! வூஸ்டர் போய்ச் சேர்றதுக்குள்ள சிரிச்சே எனக்கு வயிறு புண்ணாயிரும்.

திமிரா? இல்லக்கா. ஷூவ மாட்டு, பைய எடு, ஜன்னல மூடுன்னு ஒரே மூச்சுல சொன்னீங்கல்ல? புள்ள காதுல நின்னது ஷூவும் ஜன்னலும்தான். ரெண்டையும் சேத்து வச்சுட்டா! ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. முடிக்கட்டும். அப்புறம் அடுத்தது. நாளைக்கு மறந்துருவா, மறுபடி சொல்லுங்க.

டாக்டர் என்ன சொன்னாரு? ம்... நீங்க மாசமா இருக்கையில குடிச்சதுல அவ மூளைக்கு அடின்னாரா. இப்ப விட்டாச்சா? நல்லது. அப்புறம் எதுக்கு இம்மாம் பெரிய பை? விடுதியில விடப் போறீங்களா? இன்னைக்கேவா? கெடுத்தவ கையால வளக்கக் கூடாதுன்னு எவக்கா உங்களுக்குச் சொன்னது?

அழாதீங்க, அப்புறம் நானும் அழுவேன், எனக்கு விக்கல் வந்துரும். இதக் கேளுங்க. எனக்கு ஒருத்தியத் தெரியும். பதினஞ்சு வயசுல ரொட்டி வாங்கப் போனா. வழியில ஒரு கல்யாணக் கூட்டம், அது பின்னாலயே போயிட்டா. போட்டோ அத்தனையிலயும் மாப்பிள்ளைய ஒட்டி நிக்கிறா! ரொட்டி எங்கடின்னா, எந்த ரொட்டிங்கறா!

இப்ப அவ திராட்சைத் தோட்டத்துல, பழம் ஓடுற பெல்ட்டுகிட்ட நின்னு அழுகலப் பொறுக்கி எடுக்கறா. ஒரே வேலை, ஒரே எடம். அவள மிஞ்ச ஆளில்ல. இன்னைக்கு மேஸ்திரி எல்லார் முன்னாலயும் வேலை நிரந்தரம்னுட்டார்! எனக்கு ஆடணும் போல இருக்குக்கா, இந்த வேன்ல எடந்தான் இல்ல.

ஆமா, நான்தான். பின்ன யாரு? அப்பல்லாம் தோட்டத்துல கூலியோட ஒயினும் ஊத்துவாங்க. நான் வயித்துல இருக்கையில எங்கம்மாவும் குடிச்சாங்க.

ஹென்னி, நிறுத்து நிறுத்து! எறங்கற எடமா? அது எனக்கு எங்க ஞாபகம் இருக்குக்கா? அதோ, தபால் ஆபீஸ் முன்னால மஞ்சத் துணி தலையில கட்டிக்கிட்டுக் கையாட்டுறாங்களே, அவங்கதான் எங்கம்மா. அவங்க நிக்கிற எடத்துல எறங்குவேன். தெனம் வந்து நிக்கிறாங்க.