நடுக்கடலுக்கு ஒரு முகவரி

அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்து எனக்கு ஊக்கமூட்டும் தலைவர் அவர்களே! எதையும் கேட்டுப் பழகிய பெரியோர்களே! எதையும் பொறுத்துப் பழகிய தாய்மார்களே! வணக்கம்.

சார்பியல் கொள்கையால் வீட்டுக்கு என்ன பயன் என்று கேட்கிறீர்கள். என் தங்கை வீட்டுக்குப் பயனுண்டு. அவள் கணவர் உயிரோடு இருக்கிறார். சிரிக்காதீர்கள் அம்மா, அதுவும் பயன்தான்!

மாப்பிள்ளைக்கு மீன்பிடித் தொழில். ஒரு காலை, மூடுபனியில் அவர் படகு மிதந்துவந்த மரத்தில் மோதிப் பிளந்தது. எஞ்சின் நின்றது; தண்ணீர் ஏறியது. வயர்லெஸ்ஸில் கரைக்குச் செய்தி சொன்னார். அது கேட்டுத் துறைமுக அலுவலகத்துக்கு ஓடிய தங்கை, அதிகாரியிடமிருந்து வயர்லெஸ்ஸைப் பிடுங்கினாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"கடல்லதான்."

"கடல்ல எங்க?"

"நடுவுல."

நடுவில்! எந்தத் தபால்காரர் போவார் அந்த முகவரிக்கு?

"ஜி.பி.எஸ். பெட்டியில நம்பர் இருக்கும், படிங்க."

"கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டேன்."

"தெரியும், டி.வி. மேல கெடக்கு. தள்ளி வச்சிப் படிங்க."

படித்தார். ஓர் எண்ணில் தடுமாறினார். மூன்றா? எட்டா? தப்பினால் மீட்புப் படகு வேறு கடலுக்குப் போய்விடும்.

"எட்டு. உன் மேல சத்தியமா எட்டு."

"என் மேல வேணாம். பெட்டியத் தொடச்சிட்டுப் பாருங்க."

துடைத்தார். மூன்று!

அவையோரே, ஐயமெல்லாம் மாப்பிள்ளையின் கண்ணுக்குத்தான். வானத்துக்கு ஐயமில்லை! செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரத்தை ஒப்பிட்டுத்தான் அந்தப் பெட்டி இடத்தைச் சொல்கிறது. ஆனால் அங்கே ஓடும் காலம் நம் காலமா? இல்லை! புவியின் பிடி தளர்ந்த உயரத்தில் கடிகாரம் முந்துகிறது. பாயும் வேகத்தில் சற்றே பிந்துகிறது. கூட்டிக் கழித்தால், நாளொன்றுக்கு ஓர் இமைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத முந்தல். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பல கிலோமீட்டர் பிசகும். ஆகவே, கடிகாரத்தைத் தரையிலேயே கொஞ்சம் மெதுவாக்கி அனுப்புகிறார்கள். நாமும் வீட்டுக் கடிகாரத்தைத் திருத்துகிறோம். பத்து நிமிடம் கூட்டி வைத்து, அந்தப் பத்தையும் மனத்துக்குள் கழித்து, தாமதமாகவே போய்ச் சேருகிறோம்!

காலம் எல்லோருக்கும் ஒன்றல்ல என்றது அந்தக் கொள்கை. காகிதத்தில் பிறந்தபோது அதற்குக் கடலும் தெரியாது, படகும் தெரியாது, என் தங்கையையும் தெரியாது. தெரியாத பெண்ணின் தாலிக்காக வானத்தில் ஒரு கடிகாரம் தன் நடையை மாற்றிக்கொண்டது என்றால், வியக்காமல் என்ன செய்வது?

மீட்புப் படகு எண் சொன்ன இடத்தில் எஞ்சினை நிறுத்தியது. மேலே வெண்மை, கீழே வெண்மை, தன் கை தனக்குத் தெரியாத வெண்மை. மீட்பவர் வாயைக் குவித்துக் கத்தினார்:

"யாராச்சும் இருக்கீங்களா?"

"ஏன்யா காதுல கத்துற? இங்கதான் இருக்கேன்!"

மீட்பவர் பனிக்குள் கையை நீட்டினார். நீட்டிய கையில் இன்னொரு கை இருந்தது.

இவ்வளவு நேரம் உங்கள் காலத்தை எனக்குத் தந்தீர்கள். நன்றி, வணக்கம்.