பன்னிரண்டாம் அத்தியாயத்து விசில்

அக்கா: ஒலிப்புத்தகக் கம்பெனியில நான் படிச்ச பதிவை மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்களா?

தம்பி: மூணாவது தடவை. "சன்னமா ஒரு விசில் சத்தம், விடாம வருது." அதே புகார். இன்னொரு தடவை வந்தா மீதி முப்பது நாவலையும் வேற ஸ்டுடியோவுக்குக் கொடுத்துடுவாங்களாம்.

அக்கா: நாற்பது வருஷத்துக்கு முந்தின துப்பறியும் நாவல். பக்கத்துக்கு ஒரு கொலை. அதையெல்லாம் விட்டுட்டு விசிலைப் பிடிச்சுத் தொங்குறாங்களே!

தம்பி: பதினோரு அத்தியாயம் சுத்தமா இருக்குக்கா. பன்னிரண்டுல இருந்துதான்...

அக்கா: பன்னிரண்டுல புதுசா ஒரு பிணம் வருது. அதுவா விசில் அடிக்குது?

தம்பி: சிரிக்காதே, கேளு. சத்தம்னா அதிர்வு. உன் குரல் நொடிக்கு இருநூறு தடவை அதிரும். இது எட்டாயிரம். திரையில பார், மேல ஒரு கோடு.

அக்கா: வெட்டி எறியேன்.

தம்பி: ஏறி இறங்கி அலையுதே! வெட்டினா உன் 'ஸ்'ஸும் சேர்ந்து போகுது. ஃபேன், ஏ.சி., ஃபிரிட்ஜ், போன்... எல்லாத்தையும் நிறுத்திப் பார்த்தாச்சு. நீ உள்ளே உட்கார்ந்து படிச்சா கோடு வந்துடுது.

அக்கா: அப்போ நான்தான் திருடியா?

தம்பி: உன் மூக்கு மேல ஒரு சந்தேகம் இருக்கு.

அக்கா: உதை வாங்குவே. சரி, என் குரலை எடுத்துட்டு விசிலை மட்டும் போடு.

தம்பி: போட்டாச்சு.

அக்கா: கேட்குதா?

தம்பி: ம்... நல்லாவே கேட்குது.

அக்கா: இப்பவும்?

தம்பி: இப்பவும்தான்.

அக்கா: ஸ்பீக்கர் வயரைக் கழட்டி என் கையில வச்சிருக்கேன்டா.

தம்பி: கண்டுபிடிச்சுட்டியாக்கா?

அக்கா: எத்தனை நாளா?

தம்பி: ஒரு வருஷமா. கீச்சுன்னு வர்ற சத்தம் எதுவும்... ஒலிப்பதிவு பண்றவனுக்குக் காது போச்சுன்னா யாருக்கா வேலை தருவாங்க?

அக்கா: என்கிட்டகூடச் சொல்லலை பாரு.

தம்பி: நீ வருத்தப்படுவேன்னுதான்... ஆமா, உனக்கு எப்படித் தெரிஞ்சது?

அக்கா: பன்னிரண்டாவது அத்தியாயம் படிச்ச அன்னைக்கு, படிக்கிற அறையில வெளிச்சம் கூடின பல்பா மாத்தினேன். பழுப்புத் தாள், பொடி எழுத்து... கண்ணு தெரியலைடா.

தம்பி: பல்பா! நீ படிக்கணுமேன்னு அதை மட்டும்தான் நான் நிறுத்தவே இல்லை! மலிவு எல்.இ.டி. பல்புக்குள்ள ஒரு கம்பிச் சுருள் இருக்கும்க்கா, அது அதிர்ந்துதான்...

அக்கா: கத்தும். மாட்டின அன்னைக்கே எனக்குக் கேட்டுச்சு.

தம்பி: கேட்டுட்டா சும்மா இருந்தே?

அக்கா: நீ வந்து திட்டுவேன்னு காத்திருந்தேன். திட்டலை. அப்பதான் உன் காது மேல சந்தேகம் வந்தது. வாயைத் திறந்தா உன் காதோட என் கண்ணும் மாட்டிக்கும்... அவங்களே விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்.

தம்பி: நல்ல ஜோடிதான் நாம. இப்ப என்ன பண்றது?

அக்கா: பழைய பல்பையே மாட்டு. பக்கங்களைப் பெரிய எழுத்துல அச்சடிச்சுக் கொடு, பன்னிரண்டுல இருந்து திரும்பப் படிக்கிறேன். இனிமே நீ முடிச்சதை நான் முழுசாக் கேட்ட பிறகுதான் அனுப்பணும்.