முப்பது நொடி என்று அச்சான லேத் கையேடு

கனடாவில் ஒருவர் கையைச் சிதைத்த லேத்தின் ஆங்கிலக் கையேட்டை எழுதியவள் நான்தான், தப்பு இருப்பது தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன், முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள் என்று இந்தக் காவல் நிலையத்துக்கு நானாகவே வந்து சொன்னேன்.

என் பெயர் யாக்னா வில்கோஷ், வயது 23, தகப்பனார் பெயர் லுட்விக். போலந்தின் டார்னுவ் நகரில் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் குடியிருந்து வருகிறேன். போலிஷ் இயந்திரக் கையேடுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். இதற்கென்று படிக்கவில்லை, லேத் மீதுள்ள பைத்தியத்தில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டேன். இணையத்தில் லேத் ரசிகர் குழு ஒன்றும் நடத்துகிறேன்.

மார்ச் 4-ஆம் தேதி எங்கள் ஊர் லேத் கம்பெனியின் ஆவணப் பிரிவுத் தலைவர் ராடோஸ்லாவ் பியெனியெக் புது மாடலின் கையேட்டை அனுப்பினார். பழைய மாடலுக்குச் செய்த வரிகளை மென்பொருள் தானாக நிரப்பிப் பூட்டிவிடும். எண் மட்டும் மாறியிருந்தாலும் அதே வரி என்றே எடுத்துக்கொள்ளும். திறக்க அவரால் மட்டுமே முடியும். அதன்பின், இயந்திரத்தை நிறுத்தியதும், இரும்பைக் கவ்விச் சுழலும் சக் முழுதாக நிற்கப் போலிஷில் தொண்ணூறு நொடி, பூட்டிய ஆங்கிலத்தில் முப்பது நொடி என்று இருப்பதைப் பார்த்து அவருக்குப் போன் செய்தேன்.

"சார், அந்த ஒரு வரிய மட்டும் திறந்து விடுங்க. முப்பதுல கைய விட்டா ஆள் காலி."

"ஏம்மா, ஒண்ணைத் திறந்தா மொத்தமும் மறுபடி பரிசோதனைக்குப் போகணும். லாரி கேட்ல நிக்குது. வீடியோல லேத் பார்த்தவ எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

அதன்பின் அந்தப் பக்கத்தைக் குழுவில் போட்டு, "பூட்டைப் பியெனியெக் திறக்க மாட்டாராம்! கனடாக்காரனுக்கு விரல் எக்ஸ்ட்ரா இருக்கு போல" என்று எழுதினேன். "பியெனியெக் வீட்டுக்கு ஒரு கை பார்சல்!" என்று ஒருவர் பதில் போட்டார். நாற்பத்தொரு பேர் சிரித்தார்கள். கம்பெனி ரகசியம் வெளியானதாகிவிடும் என்று பயந்து ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டேன்.

அதன்பின் ஆபீசில் பியெனியெக், எல்லா வரியும் நானே சரிபார்த்ததாக எழுதிய தாளை நீட்டி, "போடும்மா, அடுத்த மூணு மாடலும் உனக்குத்தான்" என்றார். மேசையில் சர்க்கரை தூவிய கசகசா ரொட்டி இருந்தது. தின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் சர்க்கரை ஒட்டியிருக்கும்.

மே 19-ஆம் தேதி கனடாவின் ஹாமில்டனில் டெரிக் மவாட் என்பவர், கையேட்டில் உள்ளபடி முப்பது நொடி எண்ணிவிட்டுக் கையை உள்ளே விட்டார். அன்று நான் அவருக்குப் போன் செய்தது வேலை முடிக்கும் தேதி கேட்கத்தான் என்கிறார் பியெனியெக். நேற்று என்னிடம், "கவனக்குறைவுன்னு சொன்னா அபராதத்தோட போயிடும். தெரிஞ்சே பண்ணேன்னா ஜெயிலு. யோசிச்சுக்கோ" என்றார். என் வக்கீலும் அதையேதான் சொல்கிறார்.

கவனக்குறைவு என்று நான் ஒப்புக்கொண்டால் என் கையேட்டை மட்டும் திருத்துவார்கள், பூட்டைப் பற்றி யாரும் விசாரிக்க மாட்டார்கள். அதே பூட்டிய வரி மற்ற மொழிக் கையேடுகளிலும் இன்னும் ஆறு நாடுகளுக்குப் போயிருக்கிறது. அங்கே லேத்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான், அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) யா. வில்கோஷ்

என் கையால் சேர்த்தது, குழுவிலும் போடுகிறேன்: குழு நண்பர்களே, நான் போன் செய்தது எதற்கென்று அந்தப் பதிவில்தான் இருக்கிறது; அந்தப் பதிவை யாராவது படம் பிடித்து வைத்திருந்தால், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அழித்துவிடாதீர்கள். இன்றே இந்தக் காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள். சிரித்தவர்கள் எல்லோரும் அனுப்புங்கள்.