பதினான்காம் தேதி கட்டிய முன்வரி

குளிர் பிடித்தால் எனக்கு வலது தோள் குடையும். இருபது வயதில் உருக்கிய இரும்பை இருவர் தூக்கும் நீளக் கரண்டியில் ஏந்தி நடந்ததன் மிச்சம் அது. கரண்டியின் மறுமுனையை ஆறு வருடம் பிடித்தவன் கிளிஃப் க்ராப்ட்ரீ. பிறகு நான் மாலைப் பள்ளியில் கணக்குப் படித்து, அதே வார்ப்பாலையின் மாடி அலுவலகத்துக்கு ஏறிப்போனேன். அவன் கீழேயே இருந்தான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

எண்பத்தொன்று மோசமான வருடம். எங்கள் ஊர் கீத்லியில் பாதி ஆலைகள் மூடிக்கிடந்தன. எங்களுக்கும் லாபமில்லை. ஆனாலும் டிசம்பரில் முதலாளி தோர்ன்பர், பழைய சேமிப்பிலிருந்து எழுபதாயிரம் பவுண்டு பங்காதாயம், பங்குதாரர்களான தன் அக்காக்களுக்குக் கொடுக்கச் சொன்னார்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி அக்காங்க கைக்குக் காசு போயிடணும், நார்மன். இல்லன்னா விருந்துல வான்கோழிக்குப் பதிலா என்னைத்தான் அறுப்பாங்க."

கொடுத்தோம். அப்படிப் பிரித்துக் கொடுத்தால் எழுபதுக்கு முப்பது வீதம் அரசுக்கு முன்கூட்டியே வரி கட்டியாக வேண்டும். லாபம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பின்னால் லாபம் வந்து, அதற்கு வரி விதிக்கும்போது இதைக் கழித்துக்கொள்வார்கள். ஆக, இது செலவல்ல. நம்முடைய பணம் அவர்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். முப்பதாயிரம் பவுண்டு. கெடு ஜனவரி பதினான்கு.

அதே டிசம்பரில்தான் காப்பீட்டுக்காரர் வந்து கிரேன் சங்கிலியைப் பார்த்தார். கண்ணிகள் தேய்ந்துவிட்டன, மாற்றும்வரை உருகிய இரும்பு சுமக்கும் பெரிய கொப்பரையைத் தூக்கக் கூடாது என்று எழுதிக்கொடுத்தார். புதுச் சங்கிலி ஆயிரத்துத் தொள்ளாயிரம். கூலிக்கு ஒதுக்கியது போக வங்கியில் இருந்தது முப்பதாயிரத்து நூறு. அதற்குமேல் ஒரு பவுண்டுகூடத் தர முடியாது என்று வங்கி சொல்லிவிட்டது. கொப்பரையை நிறுத்தினால் வேலையே நின்றுவிடும். மூன்று வாரத்தில் வாடிக்கையாளர் பணம் வந்துவிடும், அப்போது சங்கிலி வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

வரியைத் தாமதித்திருக்கலாமே என்பீர்கள். தாமதித்திருக்கலாம். மாதத்துக்கு முந்நூறு பவுண்டு வட்டி ஆகியிருக்கும். ஆனால் பத்தொன்பது வருடத்தில் என் கையால் போன வரி ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. வரி அலுவலகத்தில் என் கையெழுத்தைப் பார்த்தாலே அடையாளம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆலையில் யாருமில்லை. சங்கிலியை இறக்கி, மண்ணெண்ணெயில் கழுவி, கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். தோள் அன்றும் குடைந்தது. அதன் பழைய எண் தகட்டைக் கழற்றிவிட்டுப் புது எண் குத்திய தகட்டை மாட்டினேன். பதிவேட்டில் 'மாற்றப்பட்டது' என்று எழுதினேன். பதினான்காம் தேதி காலை காசோலையை நானே கொண்டுபோய் வரி அலுவலகத்தில் கொடுத்தேன்.

மறுவாரம் கிளிஃப் படியேறி வந்தான்.

"என்னய்யா பேனாக்காரரே, புதுச் சங்கிலின்னாங்க. பெயிண்டுக்கு அடியில பழைய தேய்மானம் தெரியுதே?"

"கண்ணாடிய மாத்துடா, கிளிஃப்."

"கண்ணாடிக்கு நீதான் காசு கொடுக்கணும். மாடிக்குப் போனவன் நீதானே."

சிரித்தான். நானும் சிரித்தேன். நான் சொன்னதை நம்பித்தான் இறங்கிப்போனான். ஒரு காலத்தில் மறுமுனையை நான் சரியாகப் பிடித்திருக்கிறேன் என்று நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தவன் அவன்.

இருபத்தொன்பதாம் தேதி பத்தரை மணிக்குச் சங்கிலி அறுந்தது. கொப்பரையில் இரண்டு டன் உருகிய இரும்பு இருந்தது. கீழே அவன் மட்டும்தான் நின்றான். சவப்பெட்டி இலேசாக இருந்தது. ஒரு முனையை நான் பிடித்தேன், தோள் வலிக்கவில்லை. அவன் மனைவி எட்னா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒரே கரண்டியத் தூக்கினவங்க, நார்மன்" என்றாள். ஆமாம் என்றேன்.

ஆக, சங்கிலிக்குக் கறுப்பு அடித்தது நான்தான். அறுந்தாலும் அறுந்துவிடும் என்று தெரிந்தே அடித்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆலையைக் கோடையில் மூடிவிட்டார்கள். லாபம் வரவேயில்லை, அதனால் அந்த வரியைக் கழிக்க வழியில்லாமல் போயிற்று. மாதா மாதம் கடிதம் போடுகிறேன், பதில் இல்லை. உங்கள் காகிதத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் இன்னும் தீராத கடன் ஒன்றுதான்: அரசு எங்களுக்குத் தர வேண்டிய முப்பதாயிரம் பவுண்டு.